மாலை போடும் முன் மருத்துவரைப் பாருங்கள்

இந்தக் கார்த்திகையிலும் அதே காட்சிதான். முதல் தேதி மாலை அணிந்து, அன்றே குடியை அறவே நிறுத்திய ஒருவரை, நான்காம் நாள் நள்ளிரவில் கைகளைத் துண்டால் கட்டி எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். கறுப்பு வேட்டி வியர்வையில் நனைந்திருந்தது. கழுத்தில் துளசி மாலையோடு மந்திரித்த எலுமிச்சம்பழம். போர்வையில் இல்லாத எறும்புகளை விரலால் பொறுக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளுக்கு முன்பே வலிப்பு வந்ததாகவும், அதற்குப் பிறகுதான் கோடாங்கியிடம் கொண்டுபோனதாகவும் அவர் மனைவி சொன்னபோது எனக்கு மனம் ஆறவில்லை.

விரதத்தில் தீட்டுப்பட்டுவிட்டது, சாமி தண்டிக்கிறது என்கிறார்கள். கருப்பசாமிக்குச் சாராயம் படைக்கும் குடும்பங்களிலோ, குடியை விட்டதால் அவர் கோபித்துக்கொண்டார் என்கிறார்கள். அதே நாளில் மாலை அணிந்த, குடிப்பழக்கமே இல்லாத தம்பிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்திருப்பவர் மாலையும் அணியவில்லை, விரதமும் இருக்கவில்லை. ஆனால் தினமும் குடித்துவந்தவருக்குத் திடீரென்று மது கிடைக்காமல் போனால், அவருக்கும் இதே நடுக்கம், இதே பிதற்றல், இதே எறும்புகள் வருகின்றன. அந்த வார்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வராத மாதம் இல்லை. இது சாமி குற்றம் அன்று; மது நின்றதால் வரும் நோய்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் எனும் கடும் மனக்குழப்பமும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். வலிப்பு வந்தாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. மனைவி அழுதும் கேட்காதவர் மாலைக்குக் கட்டுப்பட்டு 41 நாள் குடிக்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் தொடங்குவதையும் பார்த்திருக்கிறேன். அந்த 41 நாளுக்குள் சிகிச்சையும் ஆலோசனையும் சேர்ந்தால் பலர் மீள்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெடாது, ஐயா.

குருசாமிகளிடம் ஒரு வேண்டுகோள்: மாலை அணிவிக்கும் முன், தினமும் குடிக்கிறாரா, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா என்று தனியே அழைத்துக் கேளுங்கள். ஆம் என்றால், முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து அணிவியுங்கள்.