"மிஸ்ஸி, பால் வத்திப்போச்சு"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் மாத நிமோகாக்கல் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்த பெண் எடை போடும் மேசையருகே நின்று சொன்ன வார்த்தை இது. அந்த மாதத்தில் இதைச் சொன்ன ஐந்தாவது தாய் அவள். ஐந்து பேருமே பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம்கூட ஆகாதவர்கள். ஐந்து வீட்டிலும் பால்மாவு டின் வந்துவிட்டது. டின்னைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. "எனக்குப் பால் இல்லை" என்று அந்தப் பெண்கள் நம்பிவிட்டார்களே, அதுதான் தாங்கவில்லை.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் 19 வருடமாகத் தாய்சேய் நலத் தாதியாக இருக்கிறேன். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும் இருந்தாலும் இன்றைக்கு நம் பெண்கள் பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். இந்தப் பெண்ணும் அப்படித்தான். காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணி வரை ஷிப்ட். ஐந்தே முக்காலுக்கு பஸ், வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பம்ப் பண்றம்மா?" என்று கேட்டேன்.

"மத்தியானம் ஒரு தடவை மிஸ்ஸி. ராத்திரிக்குப் புள்ளைக்கு வேணுமே, அதான் சேத்து வைக்கிறேன்."

பக்கத்தில் இருந்த மாமியாரும் ஆமோதித்தார். முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். "மரத்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவோம் மிஸ்ஸி. தினம் வெட்டினா பட்டை காஞ்சு பால் நின்னுபோகும். மனுஷ உடம்புக்கும் ஓய்வு வேணாமா?" என்றார்.

அந்த அம்மா மரத்தைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஓய்வில்லாமல் வெட்டிய ரப்பர் மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுபோகலாம். ஆனால் தாயின் மார்பு ரப்பர் மரம் இல்லை. சேர்த்து வைக்கிற தொட்டியும் இல்லை. நான் பார்த்ததில், இந்த ஒரு எண்ணத்தால் பால் நின்றுபோன அளவுக்கு வேறு எந்தக் காரணத்தாலும் தாய்மார்களுக்குப் பால் நின்றுபோனதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பால் மார்பில் நிறைய நிறைய, சுரக்கும் வேகம் குறையும். தேங்கிய பாலே "போதும், நிறுத்து" என்று சுரப்பிக்குச் சொல்கிறது. பாலை எடுக்க எடுக்கத்தான் அந்தத் தடை நீங்கி வேகம் கூடும். இறைக்கிற கிணறு ஊறும் என்று நம் பெரியவர்கள் சொல்வதைத்தான் உடம்பும் செய்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை மார்பு கல்லாகக் கனத்துக் கிடந்தால், உடம்பு அதைச் சேமிப்பாக எடுத்துக்கொள்ளாது. "இங்கே குடிக்க ஆள் இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு நாள் போனால் பரவாயில்லை. பத்து, பதினைந்து நாள் தொடர்ந்தால் சுரப்பைக் குறைத்துவிடும். அப்புறம் "வத்திப்போச்சு" என்று என்னிடம் வருவீர்கள்.

நம்பிக்கை வரவில்லையா? குழந்தை ஒரு பக்கமே விரும்பிக் குடிக்கிற தாய்மார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடிக்கிற பக்கம் பால் பெருகும், குடிக்காத பக்கம் நாளடைவில் சுண்டிப்போகும். அதே தாய், அதே சாப்பாடு, அதே தூக்கம், உடம்பில் ஓடுவதும் அதே இரத்தம்தான். எடுத்த பக்கம் ஊறியது, எடுக்காத பக்கம் நின்றது. மாமியாரிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் ரெண்டாவது பையன் அப்படித்தான் குடிச்சான்" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் வாதாட வேண்டியிருக்கவில்லை.

சுறாப் புட்டு, பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரே தடவை பால் எடுத்துவிட்டு, ராத்திரி ஒரு கிண்ணம் புட்டு சாப்பிட்டுச் சரிக்கட்ட முடியாது. "வெயிலில் வந்த சூட்டுப் பால், பீச்சிக் கொட்டிவிட்டுக் கொடு" என்பதும் வேண்டாம். தாயின் மார்பில் இருக்கும்போது பால் கெடாது. அலைந்து வந்த களைப்பில் இருப்பதையும் கீழே கொட்டாதீர்கள்.

சரி, வேலைக்குப் போகிறவர் என்ன செய்வது? பிரிந்திருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் எடுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் குறைந்தது மூன்று தடவை. பஸ் ஏறும் முன் குழந்தைக்குக் கொடுங்கள், அது தூங்கினால் பம்ப் பண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் முகம் கைகால் கழுவி நேராகக் குழந்தையிடம் போங்கள். இரவுப் பாலை நிறுத்தாதீர்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் இருக்கும். வேலைக்குப் போகும் தாயின் குழந்தை பகலில் கொஞ்சமாகக் குடித்து ராத்திரியில் விடாமல் குடிப்பதும் உண்டு. அது பால் பற்றாக்குறையின் அடையாளம் இல்லை, அம்மா வந்துவிட்டாள் என்று தெரிந்து குடிக்கிறது. லீவு நாளில் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் மார்பிலேயே கொடுங்கள்.

பம்பில் 60 மில்லிதான் வருகிறது என்று அழாதீர்கள். பம்பில் வருவது உங்களிடம் இருக்கும் பாலின் கணக்கு இல்லை. குழந்தை குடிப்பதுபோல எந்த மெஷினும் குடிக்காது. அந்தப் பெண் தன் பம்பைக் கொண்டுவந்திருந்தாள். போட்டுக் காட்டச் சொன்னேன். பெட்டியோடு வந்த 24 மில்லிமீட்டர் புனலையே மாட்டியிருந்தாள். அவள் அளவுக்கு அது ரொம்பப் பெரிசு. காம்போடு சேர்ந்து சுற்றியிருந்த கருவட்டமும் புனலுக்குள் இழுபட்டது. காம்பு நுனி வெளுத்து, வலியில் தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. வலித்தால் பால் இறங்காது. மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் எடுக்கக் காட்டிக்கொடுத்தேன். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரலை மேலேயும் ஆட்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும். தோலைத் தேய்க்கக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் சொட்டுதான். அப்புறம் போனில் குழந்தையின் வீடியோவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டதும் நூல் நூலாகப் பீய்ச்சியது. "வத்திப்போன" பால்தான் அது. சரியான அளவுப் புனல் வாங்கினாள். இப்போது பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் அமுக்கி விடுகிறாள்.

பாட்டிமார்களே, அடுத்தது உங்களுக்கு. ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். மாதம் ஏற ஏற இந்த அளவு பெரிதாக மாறாது. தாய் இல்லாத நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 45 மில்லி என்று கணக்குப் போடுங்கள், போதும். ஒரே மூச்சில் 180 மில்லியைப் பெரிய ஓட்டைக் காம்பு போட்ட பாட்டிலில் ஊற்றி, ஐந்து நிமிடத்தில் குடிக்க வைத்துவிட்டு, "இவ எடுத்து வைக்கிற பால் பத்தல" என்று மருமகளிடம் சொல்லாதீர்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டிலைப் படுக்கை வாட்டில் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை நனைந்த பேம்பர்ஸ், புத்தகத்தில் ஏறிக்கொண்டே போகிற எடைக்கோடு, இந்த இரண்டும் இருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

பிரிஜில் வைத்த பால் மேலே ஆடையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். "திரிஞ்சுபோச்சு" என்று போன மாதம் ஒரு பாட்டி மூன்று பை பாலை சிங்க்கில் கொட்டிவிட்டார். திரியவில்லை அம்மா, கொழுப்பு மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் சூடாக்காதீர்கள், மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீருள்ள கிண்ணத்தில் பையை வைத்தால் போதும். எடுத்த பால் 25 டிகிரிக்குள் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு லாக்கரில் வைத்து அந்தக் கணக்கை நம்பாதீர்கள். எடுத்த உடனே ஐஸ் பேக் போட்ட கூலர் பையில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். பிரிஜில் 4 நாள், பிரீசரில் ஆறு மாதம். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

திடீரென்று பால் குறைந்ததா? புதிதாகக் கர்ப்பத்தடை மாத்திரை ஆரம்பித்தீர்களா, மூக்கடைப்புக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையும், சூடோஎபெட்ரின் உள்ள சளி மாத்திரையும் பாலைக் குறைக்கும். பார்மசியில் "பால் கொடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்பில் சிவந்த கட்டியும் காய்ச்சலும் இருந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் வாருங்கள்.

தொழிற்சாலை சூப்பர்வைசர்களிடம் ஒரு கெஞ்சல். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் பால் எடுக்க என்று தனி நேரம் நம் வேலைச் சட்டத்தில் இல்லை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது 30 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதுதான் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அந்த 30 நிமிடத்தில் பாதி, தலையிலிருந்து கால்வரை மூடும் உடையைக் கழற்றி மாட்டுவதிலேயே போய்விடுகிறது. மீதி நேரத்தில் அந்தப் பெண் சாப்பிடுவாளா, பால் எடுப்பாளா? இன்னும் 15 நிமிடம் சேர்த்துக் கொடுங்கள். கதவு பூட்டுகிற ஒரு சின்ன அறையும், ஒரு நாற்காலியும், ஒரு பிளக்கும் போதும். கழிப்பறையில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லாதீர்கள். உங்கள் குழந்தைக்கு அங்கே சமைத்துக் கொடுப்பீர்களா?

தாய்மார்களே, நீங்களும் வாய் திறந்து கேளுங்கள். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்க வேலைச் சட்டத்தின் 60P பிரிவு இடம் தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் விடுப்பு முடிகிற வாரத்தில் கடிதம் எழுதாதீர்கள், முதல் மாதத்திலேயே எழுதுங்கள். வருமான வரி கட்டுகிற தாய்மார்கள் பம்ப், கூலர் பை வாங்கிய ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 1,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு.

நம் பாட்டிகளும் வேலைக்குப் போனவர்கள்தான். ஆயாக் கொட்டகையில் பிள்ளையைப் போட்டுவிட்டு இருட்டிலேயே மரம் வெட்டப் போவார்களாம். நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்களாம், என் அம்மா சொல்வார். கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருந்தது. இன்றைக்குப் பிள்ளை இருப்பது ஒரு மணி நேர பஸ் தூரத்தில். அந்தத் தூரத்துக்குத்தான் பம்ப்.

அந்தப் பெண் போன வாரம் மறுபடி வந்தாள். பகலில் இன்னும் ஒரு பாட்டில் பால்மாவு போகிறது, மீதியெல்லாம் அவளுடைய பால்தான். உங்களில் யாருக்காவது விடுப்பு முடியப் போகிறது என்றால், இரண்டு வாரம் முன்னாலேயே உங்கள் கிளினிக்குக்குப் போங்கள். பம்பையும் அதன் புனலையும் எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிற பாட்டியையும் கூடவே அழைத்துப் போங்கள்.