வயலின் ஏன் முதலில் கீச்சிடுகிறது?

மகள் வயலின் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் கதவு கீச்சிடுகிற சத்தம்தான் கேட்கிறது, கோளாறு கையிலா கருவியிலா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 'கைராசி இல்லை' என்று பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டாராம். கைராசியை விடுங்கள். கதவு என்றது மட்டும் ரொம்பச் சரி. துருப்பிடித்த கீலில் நடப்பதும் வயலின் தந்தியில் நடப்பதும் ஒன்றுதான்: ஒட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. நல்ல நாதத்தில் அது கணக்குப் பிசகாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

வில்லில் இருப்பது குதிரை வால் மயிர். அதில் தேய்க்கும் ரோசின் பைன் மரப் பிசினிலிருந்து கிடைப்பது. தந்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வழுக்க ஆரம்பித்துவிட்டால் பிடி சட்டென்று தளரும். ரோசின் படாத புது வில்லில் ஏறக்குறையச் சத்தமே வராது.

சரி, எப்போது வழுக்க வேண்டும் என்று தந்திக்கு யார் சொல்வது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பார்க்கிற கண்ணுக்குத் தந்தி ஒழுங்கான வளைவாக ஆடுவதுபோல் தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகள்தான். அவை சேருமிடத்தில் கூரான ஒரு முனை. 1860களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் நுண்ணோக்கி வைத்து இதைக் கண்டுபிடித்தார். அந்த முனை தந்தி நெடுக ஓடுகிறது. விரல் அழுத்திய இடத்தில் மோதித் திரும்பி, வில்லைக் கடக்கும்போது தந்தியை அதன் பிடியிலிருந்து பிய்த்துவிடுகிறது. தந்தி வழுக்குகிறது. முனை பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) மோதி வில்லுக்குத் திரும்பியதும் வில் மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஒரு கட்டை சுருதியில் மத்திய ஸ்தாயி சட்ஜம், அதாவது நடு 'ஸ' என்றால் நொடிக்குச் சுமார் 262 தடவை இப்படி! தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், போய்வர 66. பெருக்கிப் பாருங்கள், முனையின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். வில்லை வேகமாக இழுத்தால் சத்தம் கூடும், சுருதி ஏறாது. நேரம் குறிப்பது வில் இல்லை, இந்த முனை.

கற்றுக்கொள்பவர் கையில் இது இரண்டு விதமாகக் கெடும். அழுத்தம் போதாவிட்டால் முனை வந்து சேருமுன்பே தந்தி வழுக்கிவிடும். ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று வழுக்கல், மெலிந்த விசில் சத்தம். அழுத்தம் மிஞ்சினால் முனை வந்து தட்டியும் வில் விடாது, கரகரவென்று நெரிபடும்.

இந்த இரண்டு எல்லைகளும் வில் வைக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். கல்கத்தாவில் சி.வி. ராமன் 1918இல் வயலின் தந்திகளைப் பற்றிப் பெரிய ஆய்வு நூலே எழுதினார். அப்புறம் வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினை முன்னும் பின்னும் நகர்த்துகிற இயந்திரம் ஒன்றையும் செய்தார். வில்லுக்கும் பிரிட்ஜுக்கும் உள்ள தூரம் பாதியானால் தேவைப்படும் குறைந்தபட்ச அழுத்தம் நான்கு மடங்காகிறது. இன்றைக்கு இப்படியொரு திட்டத்துக்கு நிதி கேட்டால் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? காலியாக விட்டாலும் நிதி கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே அந்தப் பெண் முதலில் பார்க்க வேண்டியது விரலை அல்ல, வில் போகிற பாதையை. கோணலாக இழுத்தால் வில் பிரிட்ஜ் பக்கமோ விரல்பலகைப் பக்கமோ நகர்ந்துவிடும். கை அதே அழுத்தம் கொடுத்தாலும் எல்லை தாண்டிப்போகும். பிரிட்ஜுக்கும் விரல்பலகைக்கும் நடுவே, தந்திக்குச் செங்குத்தாக, வில்லை முதலில் பதித்துவிட்டு அப்புறம் இழுக்கட்டும்.

தொடக்கத்தில் கொஞ்சம் பிசகுவது வித்வான்களுக்கும் உண்டு. குட்லர், ஆஸ்கன்ஃபெல்ட் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கத்து நெரிசலைக் காது சுமார் 50 மில்லி நொடிவரை பொறுத்துக்கொள்கிறது. வழுக்கலை 90 வரை. நம் சட்ஜத்தில் 50 மில்லி நொடி என்பது 13 சுற்று. அதற்குள் முனை ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டால் பிசகு யார் காதிலும் உறைக்காது.