பசலி: பட்டாவில் ஒன்று, பார்சிகளிடம் ஒன்று

பட்டா, அடங்கல் என்று அலைந்தவர்கள் கண்ணில் 'பசலி 1434' மாதிரி ஓர் எண் பட்டிருக்கும். 590 கூட்டுங்கள், 2024 வரும். ஜூலை 1இல் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு அது. அரபியில் 'ஃபஸ்ல்' என்றால் பருவம், இந்துஸ்தானியில் விளைச்சல் என்றும் ஆகி, அக்பர் காலத்து வரிக்கணக்கு வழியாக நம் தாலுகா ஆபீஸ் வரை வந்துவிட்டது.

இதே சொல், ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்டிரிய மதத்தவரான பார்சிகளிடம் ஒரு பஞ்சாங்கத் தகராறில் வருகிறது. ஜொராஸ்டிரிய ஆண்டில் 30 நாள் வீதம் 12 மாதம், கடைசியில் காதா நாட்கள் 5, ஆக 365. லீப் நாள் கிடையாது என்பதால் நாலு வருஷத்துக்கு ஒரு நாள் முன்னால் நழுவி நழுவி, வசந்தத்தில் வர வேண்டிய புத்தாண்டான நவ்ரோஸ் இப்போது ஆகஸ்ட் நடுவில், மும்பை மழையில் வருகிறது. இது ஷாஹன்ஷாஹி. ஈரானிலேயே இருந்த ஜொராஸ்டிரியர் கணக்கோடு ஒரு மாதம் இடிக்கிறதே என்று 1745இல் சூரத்தில் பிரிந்தவர்கள் கத்மி. பருவத்தோடு ஒட்டி மார்ச் 21க்கே புத்தாண்டைக் கொண்டுபோவோம் என்று 1906இல் கர்ஷேத்ஜி காமா தரப்பு கிளம்பியது, அதுதான் ஃபஸ்லி.

கணக்கில் அதுதான் சரி. ஆனாலும் இந்தியப் பார்சிகளில் பெரும்பாலோர் அசையவில்லை. வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மாதத்தின் 30 நாளுக்கும் தனித்தனிப் பெயர், 'ரோஜ்' என்பார்கள் (தெலுங்கு 'ரோஜு'வும் இதே பாரசீகச் சொல்தான்). அம்மா இறந்தது எந்த மாதம், எந்த ரோஜ் என்று பார்த்துத்தான், நம் திதி மாதிரி, வருஷா வருஷம் பிரார்த்தனை. ஆதர் மாதத்து ஆதர் ரோஜ் நெருப்புக்குப் பிறந்தநாள், பழைய வீடுகளில் அடுப்பைத் துடைத்து, சுவரில் மஞ்சள் குங்குமத்தால் இடுக்கியும் கரண்டியும் வரைவார்கள். ஆண்டுக் கடைசியில் முக்தாத், போய்ச் சேர்ந்தவர்கள் பெயரில் ஆளுக்கொரு வெள்ளிக் குவளையில் பூ. அவர்கள் வந்துபோகும் நாட்கள் என்று நம்புகிறார்கள். பஞ்சாங்கத்தை மாற்றிவிட்டால் பாட்டி எந்தத் தேதிக்கு வருவாள்?

சரி, இந்தப் பசலியைத் தமிழில் என்ன சொல்வது? ஜமாபந்தியை 'வருவாய்த் தீர்வாயம்' ஆக்கிய அரசு பசலியை அப்படியே விட்டுவிட்டது. பார்சிகளுடையதற்குப் 'பருவ ஆண்டு' கச்சிதம். பட்டாவில் இருப்பதற்கு 'விளைச்சல் ஆண்டு' போதும். முப்பூ விளையும் நிலம் என்கிறோமே, அந்தப் 'பூ' இன்னும் நெருக்கமான சொல்தான், ஆனால் 'பூவாண்டு' என்று எழுதிக் கொடுத்தால் விஏஓ நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.