பிங்: கடலுக்கடியிலிருந்து வந்த பெயர்

நெட்வொர்க்கில் இன்னொரு கணினி பதில் தருகிறதா, எவ்வளவு நேரத்தில் தருகிறது என்று பார்க்கும் நிரலான ‘பிங்’, ‘பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்’ என்பதன் சுருக்கமா என்று ராயபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். இல்லை. அந்த விரிவாக்கம் டேவிட் மில்ஸ் என்பவர் பின்னால் ஒட்டவைத்தது. பெயரிட்ட மைக் மூஸின் மனத்தில் இருந்தது, ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் சோனார் கருவி நீர்மூழ்கிகளில் எழுப்பும் ஓசைதான்.

மாணவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே காசிமேடு. அங்கு விசைப்படகில் இருக்கும் எக்கோ சவுண்டர், காதுக்கு எட்டாத ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பி, அது கடல்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆழம் 60 மீட்டர் என்றால், போய்வர 80 மில்லிவினாடி.

மூஸ், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். கல்லூரி நாட்களில் சோனாரையும் ரேடாரையும் கணக்குகளாக வடித்துப் பார்த்தவர். 1983 டிசம்பரில் நெட்வொர்க் தகராறு செய்தபோது, ஒரே இரவில் இந்த நிரலை எழுதினார். அடிப்படை விதி 1981இலேயே இருந்தது: எக்கோ (எதிரொலி) கேட்டு ஒரு பொட்டலம், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு, வந்தால், உள்ளே இருப்பதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த ‘அப்படியே’யை மூஸ் பயன்படுத்திக்கொண்ட விதம் எத்தனை முறை யோசித்தாலும் எனக்குத் தித்திக்கிறது. புறப்படும் நேரத்தை அவர் பொட்டலத்துக்குள்ளேயே எழுதி அனுப்பினார். எது எப்போது கிளம்பியது என்று அனுப்பியவர் குறித்துவைக்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததைப் பிரித்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் போதும். எதிர்முனைக் கணினியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தி ஓடினாலும் கணக்குப் பிசகாது. இரண்டு நேரங்களையும் காட்டுவது நம் கடிகாரம்தானே!

மூஸ் கேள்விப்பட்டுச் சொன்ன கதை ஒன்று: விட்டுவிட்டு வேலை செய்த இணைப்பு ஒன்றைக் கண்டுபிடிக்க, நெட்வொர்க் நிர்வாகி ஒருவர், பதில் வரும்போதெல்லாம் கணினியை ‘பிங்’ என்று உரக்கச் சொல்லவைத்து, கட்டடம் முழுக்க நடந்து கேபிள் முனைகளை அசைத்துப் பார்த்திருக்கிறார். எதை அசைத்தபோது குரல் நின்றதோ, அதுதான் பழுது.

பிங் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நம் ஆய்வுக்கூடங்களும் நிரல்களை இப்படித் திறந்துவிட வேண்டும். பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மாணவிக்கு இன்னொன்று: பிங்குக்குப் பதில் வரவில்லை என்பதால் எதிர்முனைக் கணினி ஓடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பல இடங்களில், வந்துபோகும் பொட்டலங்களைச் சோதிக்கும் காவலான ஃபயர்வாலே எக்கோ கேள்விகளை வாசலில் தடுத்துவிடுகிறது.