அப்பாவுக்கு 40, மகளுக்கு 40: ஓய்வுக்காலச் சேமிப்பை எப்படி ஒப்பிடுவது?

வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது: "எனக்கு 40 வயது. ஓய்வுக்காலத்துக்கென்று இதுவரை சேர்த்திருப்பது என் ஆண்டுச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு. இணையத்தில் பார்த்த ஒரு பட்டியல், 40 வயதில் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் என் அப்பா 40 வயதில் ஒரு காசுகூடச் சேர்த்து வைத்திருக்கவில்லை. அவருடையது ஓய்வூதியம் உள்ள வேலை. அப்படியானால் நான் பின்தங்கியிருக்கிறேனா, முன்னால் இருக்கிறேனா?"

முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனம் பரப்பிய கணக்கு அது. 30 வயதில் ஆண்டுச் சம்பளத்தின் ஒரு மடங்கு, 40இல் மூன்று, 50இல் ஆறு, 60இல் எட்டு, 67இல் பத்து. இது யாரையும் அளந்து சொன்னதில்லை. 25 வயதிலிருந்து சம்பளத்தில் 15 சதவீதம் சேமித்து, அதில் பாதிக்கு மேல் பங்குகளில் போட்டு, 67 வயதில் ஓய்வு பெறுகிற ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அந்த நாட்டின் அரசு ஓய்வூதியத்தையும் மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. இந்த அனுமானங்களில் ஒன்று மாறினாலும் மடங்குகள் மாறிவிடும்.

எவ்வளவு மாறும்? கூட்டுவட்டி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒருவர் 25 வயதிலிருந்து 10 ஆண்டுகள், ஆண்டுக்கு 1 ரூபாய் வீதம் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் 35 வயதில் தொடங்கி 30 ஆண்டுகள் போடுகிறார். ஆண்டு வளர்ச்சி 7 சதவீதம் என்றால், 65 வயதில் முதலாமவரிடம் 105 இருக்கும், இரண்டாமவரிடம் 94. சீக்கிரம் தொடங்கு என்று அறிவுரை சொல்பவர்களுக்குப் பிடித்த கணக்கு இது. ஆனால் வளர்ச்சியை 5 சதவீதமாக்கிப் பாருங்கள். முதலாமவருக்கு 54, இரண்டாமவருக்கு 66. முடிவே தலைகீழாகிவிடுகிறது. எந்த வட்டிக் காலத்தில் பிறந்தோம் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தலைமுறைகளை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் ஆண்டுகளைக் குறியுங்கள்: 1980, 1990, 2000, 2010, 2020. செங்குத்துக் கோட்டில் வயது: 0, 10, 20, 30 என்று மேலே. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். 1980இல் பிறந்த ஒருவர் இந்தத் தாளில் எங்கே இருப்பார்? 1980இல் அடியில் இருப்பார். 1990இல் பத்து கட்டம் வலப்பக்கம், பத்து கட்டம் மேலே. 2020இல் நாற்பது வலப்பக்கம், நாற்பது மேலே. அவர் வாழ்க்கை முழுவதும் சரியாக 45 டிகிரி சாய்ந்த ஒரு நேர்கோடு. ஏழையோ பணக்காரரோ, எந்த நாட்டில் பிறந்தவரோ, எல்லோருடைய கோடும் அதே சாய்வுதான். யாரும் யாரையும் முந்த முடியாது. ஒவ்வொரு கோடும் மரணத்தில் நின்றுவிடும். இதற்கு லெக்ஸிஸ் வரைபடம் என்று பெயர். ஜெர்மானியப் புள்ளியியலாளர் வில்ஹெல்ம் லெக்ஸிஸ் 1875இல் வெளியிட்ட நூலால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, அவருக்கு முன்பே வேறு சிலரும் இதே யோசனையில் வரைந்திருக்கிறார்கள். மக்கள்தொகை ஆய்வில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு ஆழமாகவும் இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது இந்தத் தாளில் சேமிப்பை ஒப்பிட மூன்று திசைகள் இருப்பது தெரியும். 2020 என்ற இடத்தில் நேராக மேலே ஒரு கோடு இழுத்தால், அன்று உயிரோடு இருந்த எல்லா வயதினரையும் அது வெட்டிச் செல்லும். 'வயதுவாரியாகச் சேமிப்பு' என்று செய்திகளில் வருகிற பட்டியல்கள் எல்லாம் இந்த வெட்டுதான். 40 வயதில் ஒரு கிடைக்கோடு இழுத்தால், வெவ்வேறு ஆண்டுகளில் 40ஐத் தொட்டவர்கள் அதில் வரிசையாக நிற்பார்கள்: அப்பா, மகள், பின்னாளில் பேத்தி. தலைமுறை ஒப்பீடு என்பது அது. மூன்றாவது, சாய்ந்த கோட்டிலேயே ஏறிப்போவது. ஒரே தலைமுறை மூப்படைய மூப்படைய அதன் பணம் என்ன ஆகிறது என்பதை அந்தத் திசைதான் காட்டும்.

நாம் வாழ்வது சாய்ந்த கோட்டில். படிப்பதோ செங்குத்து வெட்டை. அதைப் படித்துவிட்டு, 'இன்று 60 வயதுக்காரரிடம் இவ்வளவு இருக்கிறது, 80 வயதுக்காரரிடம் குறைவாக இருக்கிறது, ஆக நானும் 60க்குப் பிறகு கரைத்துவிடுவேன்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒரு பொம்மை உலகத்தை வைத்துக் காட்டிவிடலாம்.

அந்த உலகத்தில் எல்லோரும் 25 வயதிலிருந்து 60 வரை சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கிறார்கள். வட்டி கிடையாது. 60க்குப் பிறகு அந்தப் பணத்தில் யாரும் ஒரு காசுகூட எடுப்பதில்லை. விலைவாசியும் ஏறுவதில்லை. ஒருவருடைய சம்பளம் வாழ்நாள் முழுக்க மாறாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறப்பவர்களின் தலைமுறைக்கு, முந்தைய ஆண்டில் பிறந்தவர்களைவிடச் சம்பளம் 2 சதவீதம் கூடுதல். அவ்வளவுதான் விதி.

இன்று ஒரு கணக்கெடுப்பு நடத்துவோம். 60 வயதுக்காரரிடம் 100 இருந்தால், 70 வயதுக்காரரிடம் 82 இருக்கும், 80 வயதுக்காரரிடம் 67. அழகாக இறங்குகிற ஒரு வளைவு கிடைக்கும். 'முதியவர்கள் 20 ஆண்டுகளில் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறார்கள்' என்று யாராவது எழுதிவிடுவார்கள். ஆனால் இந்த உலகத்தில் எவரும் எதையும் செலவழிக்கவில்லை! 80 வயதுக்காரர் 20 ஆண்டுகள் முன்னால் பிறந்தவர், அவர் சம்பளம் குறைவு, அதனால் சேர்த்ததும் குறைவு. இறங்கியது அவருடைய பணமில்லை, நாம் ஒருவரை விட்டு இன்னொருவருக்குத் தாவியதுதான் இறக்கமாகத் தெரிகிறது. ஏறுமுகத்திலும் இதே கதைதான். அதே கணக்கெடுப்பில் 40 வயதுக்காரரிடம் 64 இருக்கும். 64லிருந்து 100தானே, இன்னும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்று அவர் நினைப்பார். உண்மையில் அவருடைய சாய்ந்த கோடு அவரை 60 வயதில் 149க்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

நிஜ உலகத்திலும் இந்த இறக்கத்தைப் பார்க்கலாம். அமெரிக்க மத்திய வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களின் நிதிநிலையைக் கணக்கெடுக்கிறது. 2022இல், ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் குடும்பங்களில் நடுவில் இருப்பவரின் தொகை, 65 முதல் 74 வயதுப் பிரிவில் 2,00,000 டாலர். 75ஐத் தாண்டியவர்களில் 1,30,000 டாலர். இதில் எவ்வளவு உண்மையான செலவு, எவ்வளவு தலைமுறை வித்தியாசம்? அந்த ஒரு கணக்கெடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. வசதியுள்ளவர்கள் சராசரியாக அதிக காலம் வாழ்கிறார்கள். ஆகவே 80 வயதுப் பிரிவில் எஞ்சியிருப்பவர்கள் தங்கள் தலைமுறையிலேயே வசதி கூடியவர்கள். இது வளைவை எதிர்த்திசையில் மேலே தூக்கும்.

சரி, பல கணக்கெடுப்புகளை அடுத்தடுத்து வைத்தால் பிரித்துவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. வயது தரும் விளைவு, பிறந்த தலைமுறை தரும் விளைவு, பங்குச்சந்தை ஏறிய இறங்கிய அந்தந்த ஆண்டின் விளைவு என மூன்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஆனால் பிறந்த ஆண்டோடு வயதைக் கூட்டினால் நடப்பு ஆண்டு வந்துவிடுகிறது. இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாகத் தீர்மானமாகிவிடும். வயதையும் ஆண்டையும் மாற்றாமல் தலைமுறையை மட்டும் மாற்றிப் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் 2020இல் 40 வயதாக இருப்பவர் 1980 வாக்கில்தான் பிறந்திருக்க முடியும். எத்தனை கோடிப் பேரின் தரவு வந்தாலும், எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் இந்த முடிச்சு அவிழாது. 1994இல் தைவானின் சேமிப்பை ஆராய்ந்த ஆங்கஸ் டீட்டனும் கிறிஸ்டினா பாக்ஸனும், 'ஆண்டு விளைவுகளில் ஏறுமுகமோ இறங்குமுகமோ நீடித்து இருக்காது, கூட்டினால் பூஜ்யம்' என்று அனுமானம் வைத்துத்தான் மேலே சென்றார்கள். அந்த அனுமானத்தை வெளிப்படையாக எழுதிவைத்தார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிறகு 2015இல் டீட்டனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

இதனால்தான், 'இந்தத் தலைமுறை ஊதாரி, அந்தத் தலைமுறை சிக்கனம்' என்று பெயர் சூட்டி எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிறந்த ஆண்டை வைத்துக் குணம் சொல்வது ராசிபலன். அதை அறிவியலாக ஏற்கக் கூடாது. 25 வயதில் கையில் குறைவாக இருப்பது 25 வயதின் இயல்பாக இருக்கலாம், வீட்டு வாடகை உயர்ந்த ஆண்டின் பாதிப்பாக இருக்கலாம். அதை ஒரு தலைமுறையின் குணமென்று முத்திரை குத்த எந்தத் தரவும் இடம் தரவில்லை.

உள்ளபடியே உதவுவது ஒரே ஆட்களை விடாமல் பின்தொடர்வதுதான். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் ஏறத்தாழ 5,000 குடும்பங்களுடன் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. அதன் சிறப்பே, பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அவர்களையும் தொடர்கிறார்கள் என்பதுதான். 40 வயதுத் தாயின் வருமானமும், பின்னாளில் அதே 40ஐ எட்டிய அவர் மகளின் வருமானமும் ஒரே ஏட்டில் இருக்கின்றன! இங்கிலாந்தில் 2002லிருந்தும் ஐரோப்பிய நாடுகளில் 2004லிருந்தும் முதியோரைத் தொடரும் ஆய்வுகள் நடக்கின்றன. இந்தியாவில் அதேபோல் மூத்தவர்களைத் தொடரும் லாசி (LASI) ஆய்வின் முதல் சுற்று 2017-18இல் நடந்தது. 45 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியுமாக 72,000க்கும் அதிகமானோர் அதில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு முதல் சில ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் கிடைக்காது. பலன் வருவதற்குள் தொடங்கியவர்களே ஓய்வு பெற்றுவிடுவார்கள். அதனாலேயே நிதி கொடுக்கத் தயங்குகிறார்கள். நடுவில் ஒரு சுற்று விட்டுப்போனால் அந்த ஆண்டுகளைப் பிறகு எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது. அரசுகள் வேறு எதில் கைவைத்தாலும் இதில் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி வாசகியின் அப்பாவுக்கு வருவோம். அவரிடம் 40 வயதில் எதுவும் இல்லை என்பது வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான். ஓய்வூதியம் என்பது தருவதாகச் சொன்ன ஒரு வாக்கு, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. கணக்குப் போடலாம். அவர் 20 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு பெற்றார், சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், அது விலைவாசியோடு ஏறும், 20 ஆண்டுகள் வாங்குவார் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி போக 3 சதவீத வட்டியில், அத்தனை ஆண்டுத் தொகையையும் 60 வயதில் கையில் வாங்கியிருந்தால் அது ஆண்டுச் சம்பளத்தைப் போல 7.4 மடங்கு. 40 வயதில் பாதிப் பணிக்காலம் முடிந்திருக்கும், ஆகவே அதில் பாதி, 3.7. அது கைக்கு வர இன்னும் 20 ஆண்டுகள் இருப்பதால் வட்டியைக் கழித்தால் 2.06. ஆக, ஒரு காசும் சேர்க்காத அப்பாவிடம் 40 வயதில் இரண்டு மடங்குச் சம்பளத்துக்குச் சமமான சொத்து இருந்திருக்கிறது. மகளிடம் இருப்பது ஒன்றரை மடங்கு.

அந்த வாக்கு கணக்குப் புத்தகத்தில் தெரியாததால்தான், ஓய்வூதிய வேலைகள் குறைந்து தனிநபர் கணக்குகள் பெருகிய நாடுகளில் புதிய தலைமுறை அதிகம் சேமிப்பதுபோல் புள்ளிவிவரம் காட்டுகிறது. அமெரிக்காவில் 401(கே) எனப்படும், வேலை வழியாகச் சேமிக்கும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு வழிவிட்ட சட்டம் 1978இல் வந்தது. அதற்கு முன் வேலை பார்த்தவர்களின் சேமிப்பு நிறுவனத்தின் ஏட்டில் இருந்தது, பின்னால் வந்தவர்களுடையது அவரவர் பெயரில் இருக்கிறது. சந்தை சரிந்தால் நட்டம் யாருக்கு என்பதும் அதோடு கை மாறிவிட்டது.

மகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அப்பாவுக்கு 20 ஆண்டு ஓய்வு என்றால் அவருக்கு 25 ஆண்டுகள் இருக்கலாம். வட்டியும் 3 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக இறங்கிவிட்டால், அதே பாதிச் சம்பளத்தை மாதாமாதம் பெற 7.4 மடங்கு போதாது, 11 மடங்கு வேண்டும்.

இந்த எண்கள் என் அனுமானங்களால் வந்தவை. வாசகி தன் அப்பாவிடம் நான்கு விவரங்களைக் கேட்டால் போதும்: எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தார், எந்த வயதில் ஓய்வு பெற்றார், கடைசிச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஓய்வூதியமாக வந்தது, அது விலைவாசியோடு ஏறியதா. மேலே நான் போட்ட நான்கு வரிக் கணக்கில் அவற்றைப் பொருத்திப் பாருங்கள். பட்டியல் சொல்லும் மூன்று மடங்கைவிட, அதில் வரும் எண்தான் உங்கள் ஒன்றரையோடு ஒப்பிடத் தகுந்தது.