தேசிக் கொழுந்தில் எறும்பா? மருந்துக்கு முன் இலையைத் திருப்புங்கள்

வளவுத் தேசி மரம் துளிர்விட்டதும் கொழுந்தில் எறும்பு ஊரும். உடனே மருந்தடிக்க வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சாய் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அந்தக் கிளையை வெட்டினால் போதும். எறும்பு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அங்கே இலை நிறத்திலேயே தட்டையான ஒரு புழு இருக்கக்கூடும். அது கைலாடிஸ் லாஜஸ் என்ற சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு.

லென்ஸ் பிடித்துச் சற்று நேரம் பாருங்கள். எறும்பு உணர்கொம்பால் புழுவின் முதுகைத் தட்டும். வயிற்றின் 7ஆம் கண்டத்தில் உள்ள கீறல் போன்ற துவாரத்தில் தெளிந்த துளியொன்று ஊறும். எறும்பு அதைக் குடித்துவிட்டு மறுபடி தட்டும். இக்குடும்பத்துப் புழுக்கள் பலவற்றில் 8ஆம் கண்டத்தில் இரண்டு சிறு குழல்களும் உண்டு. புழு மிரண்டால் அவை வெளியே நீளும், எறும்புகள் பரபரப்பாகும். அந்த இனிப்புத் துளிதான் காவற்கூலி. புழுவின் உடலில் முட்டையிட வரும் குளவியையும் ஈயையும் எறும்பு விரட்டிவிடும்.

அதே மரத்தில் குருவி எச்சம் போலக் கிடக்கும் புழு வேறு குடும்பம். அதற்கு இந்தத் துளியும் இல்லை, காவலும் இல்லை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாறும் கொம்பை நீட்டும்.

அடிமரத்தில் எறும்புப் பொடி தூவுவதுதான் பெரிய பிழை. பொடி படாத புழுகூடக் காவலிழந்து குளவிக்கு இரையாகும். வளர்ந்த மரம் நாலைந்து புழுவைத் தாங்கும். நாற்று என்றால் புழுவை இலையோடு கிள்ளி, பெரிய மரத்தின் இளங்கொழுந்தில் வையுங்கள். முற்றிய இலை அதற்கு ஆகாது.

எறும்பு போனால் வண்ணத்துப்பூச்சியும் போகும் என்பதை இங்கிலாந்து கண்டது. அங்கே பெருநீல வண்ணத்துப்பூச்சியின் புழு ஒருவகைச் செவ்வெறும்பின் புற்றுக்குள் எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். மேய்ச்சல் குறைந்து புல் உயர்ந்தது, நிலம் குளிர்ந்தது, அந்த எறும்பு அருகியது. 1979இல் வண்ணத்துப்பூச்சியும் அற்றுப்போனது. பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்துதான் அதை மீண்டும் குடியேற்றினார்கள்.

பப்பாசியில் மாவுப்பூச்சி கண்டாலும் அவசரப்படாதீர்கள். ஸ்பால்கிஸ் எபியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தொடாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதன் உடலிலும் வெள்ளை மாவு படிந்திருப்பதால் பூச்சியோடு சேர்த்து நசுக்கிவிடுகிறார்கள். இலையை வெட்டி எரிக்குமுன் குரங்கு முகம் போன்ற சின்னக் கூட்டுப்புழு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இலையை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.