நாய் தேடுவது வெடிகுண்டை அல்ல

2015 டிசம்பர் 17 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு, யுனிவர்சல், சீ வேர்ல்டு ஆகிய மூன்று பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் ஒரே நாளில் மெட்டல் டிடெக்டர்கள் வந்தன. டிஸ்னி கூடவே மோப்ப நாய்களையும் நிறுத்தியது. டிடெக்டரின் தூண்களில் இருக்கும் கம்பிச்சுருள்கள் காந்தப்புலத் துடிப்புகளை அனுப்புகின்றன. குறுக்கே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். மின்சாரம் கடத்தாத வெடிமருந்து அந்தத் தூண்களின் நடுவே சத்தமில்லாமல் கடந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் நாய்.

ஆனால் நாய் வெடிகுண்டைத் தேடுவதில்லை. தனக்குப் பந்து வாங்கித் தரும் ஒரு வாசனையைத் தேடுகிறது. இந்த வேறுபாட்டை மறந்த இடத்தில்தான் பெரும்பாலான சோதனைகள் சொதப்புகின்றன.

மனிதனுக்குச் சுமார் 60 லட்சம் மோப்ப ஏற்பிகள் என்றால் நாய்க்கு 30 கோடி வரை போகும். எண்ணிக்கையைவிட மூக்கின் அமைப்புதான் விசேஷம். வினாடிக்கு ஐந்து முறை அளவில் மோந்து இழுக்கும் நாய், மூச்சை முன்பக்கமாக உள்ளே இழுத்து, நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்னோக்கி வெளியே தள்ளுகிறது. வெளியேறும் காற்று வாசனையைக் கலைப்பதில்லை. முன்னால் இருக்கும் புதுக்காற்றை மூக்கை நோக்கி இழுத்தும் வருகிறது. உள்ளே போவதில் சுமார் 12 முதல் 13 சதவீதம் தனிப் பாதையில் மூக்கின் பின்கோடிக்குச் சென்று, மோப்பத் திசுவில் நிதானமாகத் தங்குகிறது. மீதி நுரையீரலுக்கு.

பின்கோடிக்குப் போய்ச் சேர்வது எது? டிஎன்டி என்ற வெடிமருந்து அறை வெப்பத்தில் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் சிலவாகத்தான் ஆவியாகும். இன்னொரு வெடிமருந்தான ஆர்டிஎக்ஸ் அதைவிட மோசம், லட்சம் கோடியில் சில. அதனால் ஆர்டிஎக்ஸைக் களிமண்போலப் பிசைந்து செய்யும் சி-4 போன்ற பிளாஸ்டிக் வெடிமருந்தில் நாய் பெரும்பாலும் பிடிப்பது ஆர்டிஎக்ஸை அல்ல. தயாரிப்பிலிருந்து தங்கிவிட்ட சைக்ளோஹெக்சனோன் போன்ற எளிதில் ஆவியாகும் துணைப்பொருள்களைத்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி வானில் பான் ஆம் விமானம் பிளாஸ்டிக் வெடிமருந்தால் வெடித்த பிறகு, 1991 மான்ட்ரியல் ஒப்பந்தம் பிளாஸ்டிக் வெடிமருந்தில் வாசனை காட்டும் ஒரு ரசாயனத்தைக் கலப்பதைக் கட்டாயமாக்கியது. ஆலைச் சரக்குக்கு அது சரி. வீட்டில் காய்ச்சுபவன் ஒப்பந்தம் படித்துவிட்டுக் காய்ச்சுவதில்லை.

நின்றிருக்கும் பையை மோப்பது பழைய முறை. நடந்து போகும் கூட்டத்தை மோப்பதற்கென்று அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் ஒரு பயிற்சியை வளர்த்தெடுத்தது. உடற்சூட்டால் நம்மைச் சுற்றி எப்போதும் ஒரு காற்று மேலேறிக்கொண்டே இருக்கிறது. நடக்கும்போது அது முதுகுக்குப் பின்னால் படகின் நீர்த்தடம்போல இழுபடும். பையில் உள்ளதன் துகளும் ஆவியும் அந்தத் தடத்தில் கலக்கும். நாய் யாரையும் நிறுத்தாமல் ஆட்கள் கடந்த பின்னால் விட்டுச்சென்ற காற்றைக் குறுக்கே வெட்டி மோந்து, தடம் கிடைத்ததும் அந்த ஆளைப் பின்தொடரும். அதனால் நாயை நிறுத்த வேண்டிய இடம் ஆட்கள் ஒற்றை வரிசையாகக் குறுகும் வாயில். ராட்சத மின்விசிறிக்கு அடியில் நிறுத்தினால் எல்லாருடைய தடமும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஹோட்டல் வாசலில் வேலை வேறு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவின் பெரிய ஹோட்டல்களில் கார் டிக்கியைத் திறப்பதும், காருக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. நாய் காரைச் சோதிக்க வேண்டுமென்றால் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், ஆட்கள் இறங்கியிருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் போய்ச் சேர்கிறதோ அந்தப் பக்கத்தில் தொடங்கி, சக்கர வளைவு, பம்பர், கதவு இடுக்கு, டிக்கி விளிம்பு என்று உள்காற்று கசியும் இடுக்குகளை மட்டும் ஹேண்ட்லர், அதாவது நாயை நடத்திச் செல்பவர், கையால் காட்டிக்கொண்டே சுற்றுவார். பளபளப்பான பானட்டை மோக்க விடுவதால் மூக்குக்கு அலுப்புதான் மிச்சம். பெட்டிகள் என்றால் இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் மெதுவாக அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று பிதுங்கி வரும். அறைக்குள் ஏசி ஓடினால் வாசனை பொருள் இருக்கும் மூலையை விட்டு, ஏசி காற்றை உறிஞ்சும் துவாரத்தடியில் போய்த் தேங்கும். நாய் அங்கே உட்கார்ந்தால் அது பொய் சொல்லவில்லை. காற்று வந்த வழியைத் திரும்பத் தேட வேண்டியது மனிதரின் வேலை. கண்டதைச் சொல்ல நாய் உட்காரும் அல்லது உறைந்து நிற்கும். பிறாண்டக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வாயிலில் காருக்குக் காட்டும் கெடுபிடியைப் பெட்டியோடு வரும் விருந்தாளிக்குக் காட்ட ஹோட்டல்கள் தயங்கும். 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பில் ஷாங்ரி-லா, சின்னமன் கிராண்ட், கிங்ஸ்பெரி ஆகிய ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்தன. சின்னமன் கிராண்டில் வெடிக்கச் செய்தவர் முந்தைய நாளே அறை எடுத்துத் தங்கியவர்.

மோப்பம் கெடுவதற்கு முதல் காரணம் சூடு. மூச்சிரைக்கும் நாய் வாய்வழியே உடலைக் குளிர்விக்கிறது. அந்த நேரத்தில் மூக்கு வேலை நிறுத்தத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இருபது, முப்பது நிமிட வேலைக்கு ஒருமுறை நிழலும் தண்ணீரும் ஓய்வும் இல்லாவிட்டால், வெயிலில் நிற்பது வெறும் காட்சிப்பொருள்.

இரண்டாவது, பயிற்சிப் பொருள். எல்லா மாதிரிகளையும் ஒரே பெட்டியில் வைத்தால், வாசனை அதிகமுள்ளது மற்றதில் ஏறிவிடும். ஆறு வாசனை கற்றதாக நினைக்கும் நாய் உண்மையில் ஒன்றை மட்டுமே கற்றிருக்கும். மாதிரியைத் தொட்ட கையுறை, சுற்றிய பிளாஸ்டிக் கவர் ஆகியவற்றை மாதிரி இல்லாத மற்ற டப்பாக்களிலும் வெறுமனே போட்டுவைக்காவிட்டால் நாய் கவரைத்தான் கண்டுபிடிக்கப் பழகும்.

மூன்றாவது, கயிற்றின் மறுமுனை. 2011இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 18 ஹேண்ட்லர்கள் நாய்களோடு ஒரு தேவாலயத்தைச் சோதித்தார்கள். உள்ளே போதைப்பொருளோ வெடிமருந்தோ எதுவுமே கிடையாது. ஆனால் சிவப்புக் காகிதம் இருக்கும் இடத்தில் சரக்கு இருக்கலாம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. 144 சோதனைகளில் 225 முறை "கிடைத்துவிட்டது" என்றார்கள். ஒரு தவறும் இல்லாமல் முடிந்தவை 21 மட்டுமே. நாயை ஏமாற்ற ஒளித்துவைத்த சாசேஜைவிட மனிதரை ஏமாற்றிய காகிதத்துக்கே பலன் அதிகம். ஹேண்ட்லர் ஓரிடத்தில் அரை வினாடி தாமதித்தால் போதும், நாய் அதைப் படித்துவிடும்.

ஹோட்டல்களில் மூட்டைப்பூச்சி தேடும் நாய்களும் இதே பாடம்தான். 2008 ஆய்வு ஒன்றில், ஆராய்ச்சியாளர்களே பூச்சிகளை வைத்த ஹோட்டல் அறைகளில் நாய்கள் 98 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தன. 2014இல், தொழில்முறை நாய்களை உண்மையிலேயே பூச்சி இருந்த குடியிருப்புகளில் இறக்கிப் பார்த்தபோது சராசரி 44 சதவீதம். குழுவுக்குக் குழு 10இலிருந்து 100 வரை ஊசலாடியது.

கடைசி எதிரி சலிப்பு. பூங்கா வாசலில் வருடம் முழுவதும் நின்றாலும் நாய்க்கு உண்மையான வெடிமருந்து எதிர்ப்படாது. பந்தே கிடைக்காத வேலையை எந்த நாயும் தொடராது. அதனால் வேலை நாளிலேயே ஒருவர் பையில் மாதிரியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நடந்து வர வேண்டும். எப்போது வருவார் என்று ஹேண்ட்லருக்கும் தெரியக் கூடாது. பையில் போட்டவுடன் கிளம்பிவிடாமல் அரை மணி நேரமாவது ஊறவிட்டு வர வேண்டும், இல்லையேல் காற்றில் எதுவும் கலந்திருக்காது. ஒரே ஊழியரை வாரக்கணக்கில் அனுப்பும் தப்பு பல இடங்களில் நடக்கிறது. மூன்றாம் முறை நாய் அந்த ஆளின் வாசனைக்கே உட்கார்ந்துவிடும். ஆளை மாற்ற வேண்டும். அதே ஆளை வெறும் பையோடும் சிலமுறை அனுப்ப வேண்டும்.